ஏற்றத்தில் ஊன்றிய கால்

ஓசூருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு ஃபிலிம் கேமரா பைத்தியம் பிடித்தது. வாரம் முழுக்க கம்பெனியில் இரும்புப் பாகங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்வது என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமையாவது திரையே இல்லாத ஒன்றைக் கையில் பிடிக்கலாம் என்று ஒரு பழைய கேமராவை வாங்கினேன். செல்போன் இருக்கும்போது இது எதற்கு என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

நான் எடுப்பது சைக்கிளில் போகிறவர்களை. பைக்கில் வருகிறவன் முகத்தைப் பார்ப்பதற்குள் போய்விடுகிறான். கார்க்காரனுக்கு முகமே கிடையாது, கண்ணாடிதான். சைக்கிள்காரர்கள்தான் நம்மைப் பார்த்து, யார் இந்த ஆள் என்று யோசித்து, சிரித்துவிட்டும் போகிறார்கள். தக்காளிக் கூடையைப் பின்னால் கட்டிய அக்கா, பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளிலேயே ரோஜாத் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண், குந்தாரப்பள்ளிச் சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டியை மடியில் அணைத்தபடி ஒரு கையால் ஓட்டிவந்த பெரியவர், எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். இவர்களிடம் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சானமாவுக் காட்டுப் பக்கம் யானை இறங்கியிருக்கிறது என்று டீக்கடையில் சொன்னதால், வண்டியை வேறு பாதையில் திருப்பினேன். ஒரு ஊரைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு ஏறுகிற மேடு. அதன் நடுவில் புளியமரம். இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, சீட்டை விட்டு எழுந்து மிதித்துக்கொண்டு ஒருவர் ஏறிவந்தார். ஐம்பது வயதிருக்கும். என் கேமராவைப் பார்த்ததும் அந்த மூச்சிறைப்பிலும் பல் தெரியச் சிரித்தார். எடுத்தேன்.

அந்த ரோலைக் கழுவி வாங்கியபோது அவர் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கலங்கியிருந்தது. விடியற்காலை, வெளிச்சம் சரியாக வராத நேரம், ஃபிலிமும் வேகம் குறைந்தது. அசைகிற எதுவும் அதில் விழாது. அடுத்த முறை பார்த்தபோது அவரிடமே கேட்டேன்.

"அண்ணா, ஒரு நிமிஷம் காலை ஊணி நின்னீங்கன்னா நல்லா விழும். மூச்சைக்கூட கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

"அதுக்கென்னா சார்" என்று இடது காலைத் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படி ஒரு படம் அதுவரை எனக்கு அமைந்ததில்லை.

அதற்குப் பிறகு நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் புளியமரத்தடியில் நின்றால் போதும், அவரே காலை ஊன்றிவிடுவார். எடுத்து முடித்ததும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே நடப்பார். அப்படித் தள்ளக் குனிந்து நின்ற கணத்தில் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்தேன், வளைந்த முதுகும் இரண்டு கேனுமாக. பாரத்தோடு ஏற்றத்தில் ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி ஏறி மிதிக்க முடியாது என்பது சைக்கிள் ஓட்டி வளர்ந்த எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அந்த நேரத்தில் எனக்கு முதுகுதான் தெரிந்தது.

ஒருநாள் அவர் வந்து நின்றபோது ரோல் தீர்ந்துவிட்டது. "மாத்திடறேன் அண்ணா, இருங்க" என்றேன். பழையதைச் சுற்றி எடுத்து, புதியதை மாட்டும்போது, அவசரத்தில் அது கேமராவுக்குள் இருக்கும் பல்லில் சிக்கவில்லை. மறுபடி மாட்டினேன். மேட்டின் உச்சியிலிருந்து ஹாரன் சத்தம் நீளமாகக் கேட்டது. ஏதோ லாரி என்று நினைத்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தபடியே நின்றார். அன்றைக்குத்தான் படம் மிக நன்றாக வந்தது.

பிறகு எனக்கு ஷிப்ட் மாறி ஞாயிறு விடுமுறை போய்விட்டது. மறுபடி ஞாயிறு கிடைத்தபோது, அவருடைய படங்களை எல்லாம் பிரிண்ட் போட்டு ஒரு கவரில் எடுத்துப் போனேன். புளியமரத்தடியில் வெகுநேரம் நின்றேன். பால் கேன்களோடு ஒரு மொபெட்தான் விருட்டென்று ஏறிப் போனது. ஊருக்குள் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

"ராண்டி சார்" என்று தெலுங்கில் வரவேற்றார் அவர் மனைவி. கேமராவைப் பார்த்ததும், "போட்டோ சார் நீங்கதானா?" என்று தமிழுக்கு மாறினார். கணவர் இப்போது ஒரு கம்பெனியில் லோடு ஏற்றப் போகிறாராம். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறாராம். எனக்குக் காபி கொடுத்தார்.

"பால் எடுத்துட்டுப் போறதில்லையா?" என்று கேட்டேன்.

"எங்க சார். நாலு ஊட்டுப் பால இவருதான் சொசைட்டிக்குக் கொண்டுபோவாரு. ஒரு நாயித்துக்கிழம போறதுக்குள்ள பால் வண்டி கிளம்பிடுச்சு. ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுப் போயிட்டான். சொசைட்டில இனிமே எடுக்க முடியாதுன்னுட்டாங்க. அன்னைக்கு நாலு ஊட்லயும் தயிருதான்."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. போட்டோவுக்கு நின்னேன்னு எப்படி சார் சொல்லுவாரு? பஞ்சர்னு சொல்லிட்டாரு. ஒருத்தரும் சண்டை போடல. நல்ல சனங்கதான். ஆனா அதுக்கு முந்தியும் ரெண்டு மூணு நாயித்துக்கிழம ஓடிப்போய்தான் வண்டியைப் புடிச்சிருக்காரு. பஞ்சர் ஆவுற சைக்கிள நம்பி எத்தினி நாளு குடுக்கிறதுன்னு மொபெட்காரன்கிட்ட மாத்திட்டாங்க."

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்து போயிருப்பேன். சைக்கிள் சுவரோரம் சாய்ந்திருந்தது, கேன் மாட்டுகிற கொக்கிகளோடு.

பேச்சுச் சத்தத்தில் அவர் எழுந்து வந்துவிட்டார். இளைத்திருந்தார், கண் சிவந்திருந்தது. ஆனால் அதே சிரிப்பு. "அண்ணா, என்னாலதானே" என்று ஆரம்பித்தேன்.

"அட, அது வேற சார். உடுங்க" என்று கவரைப் பிரித்தார்.

ஒவ்வொன்றாகப் பார்த்து மனைவியிடம் நீட்டினார். ஹாரன் அடித்த நாளின் படம் வந்தபோது கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அந்த அம்மாதான் எல்லாவற்றையும் கசங்காமல் அடுக்கிவைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"கல்யாணமானதுலருந்து மிதிக்கிறாரு. இதுல எல்லாத்துலயும் நின்னுட்டே இருக்காரே சார். ஓட்டுற மாதிரி ஒண்ணுகூட இல்லையா?"

இல்லை. ஓட்டியபோது எடுத்த ஒன்றே ஒன்று கலங்கிப்போனது, அதை நான் பிரிண்ட் போடவில்லை.

"இப்ப எடுக்கலாமே" என்றார் அவர். முகத்தைக் கழுவி, சட்டை மாற்றி, சைக்கிளுக்குக் காற்றடித்து வெளியே எடுத்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தது. எவ்வளவு வேகமாக வந்தாலும் விழும்.

"நிக்காதீங்க அண்ணா. என்னைப் பார்க்கவே வேணாம், தாண்டிப் போயிடுங்க" என்று இரண்டு முறை சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுத் தெருக்கோடிக்குப் போய்த் திரும்பினார். பாரமில்லாத சைக்கிள், வெறும் கொக்கிகள் கலகலக்க வேகமாக வந்தது. கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

நான் அழுத்துவதற்குள் பிரேக் பிடித்துவிட்டார். இடது காலைத் தரையில் ஊன்றி, முதுகை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே.