நைனா ஊதாத நாட்கள்

முனிரத்தினம் அண்ணனைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் பேசுகிறேன். பேசாமல் இருந்ததுதான் நான் செய்த பாவம்.

தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவரும் மகள் நளினியும்தான். இருபது வருடம் சுரங்கத்தில் பாறையில் துளை போட்டவர். நெஞ்சு முழுக்கக் கல்தூசு. நளினி விடிகாலை ரயிலில் பெங்களூர் போவாள். அங்கே ஒரு கம்பெனியில், நாள்வாரியாக வரும் எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கோடு வரைந்து பார்க்கிற வேலை. நான் வீட்டிலேயே தையல் மெஷினோடு கிடப்பவள்.

டாக்டர் அண்ணனுக்கு ஊதிப் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கச் சொல்லியிருந்தார். தினமும் காலையில் ஊதி, முள் நிற்கிற எண்ணை நோட்டில் எழுத வேண்டும். இருநூறுக்குக் கீழே இறங்க ஆரம்பித்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையானால் நளினி அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஆபீஸில் பழகிய அதே மென்பொருளில் எண்களை ஏற்றுவாள்.

நோட்டில் சில நாள் வெறுமையாக இருக்கும்.

"இன்னா நைனா, செவ்வாக்கெழம எழுதல?"

"மறந்துட்டேம்மா."

வயசான மனுஷன், மறக்காதா என்று அவளும் விட்டுவிடுவாள். முந்தின நாள் எண்ணையும் அடுத்த நாள் எண்ணையும் வைத்து, நடுவில் விட்டதை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும். அதற்கு மேல் ஏழு நாள் சராசரி. மேடு பள்ளம் இல்லாமல் ஒரு நீலக் கோடு ஓடும். "பாருக்கா, எவ்ளோ ஸ்டெடியா கீது!" என்று காட்டுவாள். நானும் பெரிய மேதாவி மாதிரித் தலையாட்டுவேன். டாக்டரும் அந்தக் கோட்டைப் பார்த்து, அதே மருந்து போதும் என்றார்.

மறதியாம் மறதி! என் வாயில் கொள்ளியை வைக்க! அந்த மனுஷன் எதையும் மறந்தவரில்லை. முடியாத நாளில் ஊதவே மாட்டார். சுரங்கத்துப் பழக்கம் அது. மூச்சு வாங்குகிறது என்று எவனாவது ஒரு வரி எழுதிவிட்டால் அப்புறம் கேஜ் கூண்டில் ஏற்றிச் சுரங்கத்துக்குள் அனுப்ப மாட்டார்கள், கூலி போய்விடும் என்ற பயம். கெட்ட நாளைத் தொழிலாளிகள் காகிதத்தில் ஏற விடவே மாட்டார்கள். ஒருநாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயால் காற்றை இழுத்தபடி நின்றவரை நான் பார்த்துவிட்டேன்.

"நளினிக்கு போன் போடட்டாண்ணா?"

"வாணாம்மா. லீவு போட்டுனு ஓடியாந்துடும். எழுதுனா டாக்டர் படுக்க வெச்சிடுவான். சொல்லிடாத, உன் புள்ளைங்க மேல ஆணை."

பிள்ளைகள் மேல் ஆணை என்றதும் பயந்துவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ நாள் அவர் அப்படி நின்றார். சுக்குக் கசாயம் கொடுத்ததைப் பெரிய உபகாரமாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கிடந்தேன்.

ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை. நளினி ஏறிய ரயில் பங்காருபேட்டையைக்கூடத் தாண்டியிருக்காது, அண்ணன் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் லேப்டாப்போடு என் வீட்டுக்கு வந்தாள். இந்தத் தடவை எதையும் நிரப்பவில்லை, சராசரியும் போடவில்லை. ஊதிய நாளுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். பிப்ரவரியில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. மே மாதத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று ஓட்டை. ஜூலையில் புள்ளியைத் தேட வேண்டியிருந்தது.

"மறதின்னா இப்படி மாசாமாசம் ஏறினே போவாதுக்கா," என்றாள். "மே பன்னெண்டு காலியா கீது. அன்னிக்கு நைனா எப்படி இருந்தாரு?"

ஆணையாவது மண்ணாங்கட்டியாவது! என் தையல் நோட்டை எடுத்து, எந்தப் பிளவுஸ் கொடுத்த நாள் என்று பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு தேதியாகச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பிடித்து நின்ற நாளுக்கெல்லாம், ஊதியிருந்தால் இவ்வளவுதான் வந்திருக்கும் என்று அவள் நூறு எழுதினாள். பிறகு சராசரிக் கோட்டை மறுபடி வரைந்தாள். மே கடைசியிலேயே அது இருநூறுக்குக் கீழே போய்விட்டது. திரும்ப ஏறவே இல்லை.

"திட்டுடி என்னை," என்றேன்.

திரையில் கோடு இருநூறுக்குக் கீழே இறங்கிய இடத்தை விரலால் தொட்டாள்.

"நமக்கு ரெண்டரை மாசம் டைம் இருந்துச்சேக்கா," என்றாள்.