மட்டாஞ்சேரியில் ருசி பார்த்த புதுச் சிவப்பு ஒயின்

அப்பு, உன் ஒயினைக் குடித்துப் பார்த்துவிட்டேன்.

அப்பு என் தம்பி. நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தான். பிரான்சில் போர்தோ என்கிற ஊரின் முறைப்படி, இரண்டு வகைக் கருந்திராட்சையைச் சேர்த்து அங்கே சிவப்பு ஒயின் செய்கிறார்கள். 2006 அறுவடையின்போது, "இன்னும் பழுக்கல, பத்து நாள் போகட்டும்" என்று முதலாளியிடம் அடம்பிடித்தான். அவர் பாதியை அறுத்தார், பாதியை இவன் பேச்சுக்கு விட்டார். நடுவில் மழை பெய்தது. இவன் பங்கு பாழ் என்று எல்லோரும் ஏசினார்கள். லீவில் கொச்சி தேவராவில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், "என்னால அவருக்கு நஷ்டம் அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மஞ்சள் காமாலையில் போய்விட்டான்.

அடுத்த வருடம் டிசம்பரில் அவன் கூட்டாளி இரண்டு பங்கிலும் ஒவ்வொரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தான். பாழானது எது என்று எனக்குத் தெரிய வேண்டும். மட்டாஞ்சேரி ஹோட்டல் ஒன்றில் ஒயின் பரிமாறும் வர்கீஸ் சேட்டன் முன்பு அப்புவுக்கு வேலை பழக்கியவர். அவரிடம் போனேன். (நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். நான் சொல்லச் சொல்ல மகள் இதைத் தட்டச்சு செய்கிறாள்.)

எர்ணாகுளம் ஜெட்டியில் மூன்று மணிப் படகு. டிக்கெட் இரண்டரை ரூபாய், அரை மணி நேரம். இறங்கிப் பத்து நிமிடம் நடை. சுக்கு, மிளகுக் கிடங்குகள் வழியாகப் போனேன், அது தப்பு. மூக்கு முழுக்கக் காரம். சேட்டன் முகம் கழுவச் சொல்லி, பச்சைத் தண்ணீர் கொடுத்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார வைத்தார்.

பாட்டில்களை மறைத்து இரண்டு கிளாசில் ஊற்றினார். நான் ஊதினேன்.

"சாயா இல்ல சேச்சி, ஊத வேண்டா."

"கிளாசில குடுத்தா ஊதத்தானே தோணும்?"

இரண்டிலும் விளிம்பு ஊதா நிறம். புது ஒயின் அப்படித்தான் இருக்குமாம். முதல் கிளாசில் பச்சைக் குடைமிளகாய் வாசனை. புளிப்பு, தொண்டைக்குள் போனதும் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நாவல்பழம், கொஞ்சம் கிராம்பு. வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்த மாதிரி ஈறைப் பிடித்தது. ஆனால் ருசி நின்றது.

"இதுதான் பழுத்தது. அது பிஞ்சில பறிச்சது" என்றேன்.

சேட்டன் இரண்டாவது பாட்டிலைத் திருப்பிக் காட்டினார். அப்புவின் பங்கு.

"மழைத் தண்ணி பழத்தில கேறியிருந்தா நடு நாக்கில தண்ணி மாதிரி போகும். இது போகலை. துவர்ப்பு கூடுதல்தான். அஞ்சு வருஷத்தில அடங்கும், கேட்டோ. பையன் செஞ்சது சரி சேச்சி."

மிச்சத்தை நாங்கள் இரண்டு பேருமே குடித்தோம்.

நீங்களும் இப்படி இளம் ஒயின் ருசி பார்க்கப் போனால் கிடங்குத் தெருவைச் சுற்றிப் போங்கள். கொச்சி வெக்கைக்குப் பாட்டிலை ஈரத்துணியில் அரை மணி வையுங்கள். காரமான மீன் குழம்போடு வேண்டாம், துவர்ப்பு இன்னும் முறுக்கும். ஈறைப் பிடிக்கிறது என்பதற்காகக் கெட்டது என்று தள்ளாதீர்கள். பச்சை வாசனை அடித்தால் தயங்காமல் தள்ளுங்கள்.

அப்பு, எல்லோரும் மேகத்தைப் பார்த்துப் பயந்த அன்றைக்கு, நீ மட்டும் அந்தக் குலையில் எதைப் பார்த்துப் பத்து நாள் என்று சொன்னாய்?