எலி பிடிக்கத் தெரியாத பெண்

அடியில் ஓட்டை போட்ட மண்பானை அது. உள்ளே வைக்கோலைத் திணித்து நெருப்பு வைத்து, பானையின் வாயை எலி வளையில் பொருத்தி, ஓட்டை வழியாக ஊதினால் புகை வளைக்குள் போகும். உத்திரமேரூர்ப் பக்கம் ஏரிக்கரையோரத்து இருளர் குடிசைகளில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பிளஸ் டூ தேறிய ஒரு பெண்ணின் கையில் அதைக் கொடுத்து ஊதச் சொன்னோம்.

சொன்னவர் வருவாய் ஆய்வாளர். கோப்பைத் தூக்கிக்கொண்டு கூடப் போன எழுத்தர் நான். செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் அவளுக்குக் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்று கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். அன்று புதன். இருளர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் எலியோ பாம்போ பிடித்துக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். எந்த அரசாணையிலும் அப்படி இல்லை. முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

அவளுடைய அப்பா கும்பிட்டார். "அது ஆஸ்டல்ல படிச்சிக்கினு இருந்த பொண்ணு சார், அதுக்கு இன்னா தெரியும்? நான் புடிச்சித் தர்றேன்."

"சர்டிபிகேட் ஒனக்கா, ஒம் பொண்ணுக்கா?" என்றார் ஆய்வாளர்.

அவள் மண்டியிட்டு ஊதினாள். புகை திரும்பி முகத்தில் அடித்தது. வளைக்கு இன்னொரு வாய் இருக்கும், முதலில் அதை மண் போட்டு அடைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. எலி வரப்பின் மறுபக்கம் வெளியேறி ஓடிவிட்டது. ஆய்வாளர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "காலேஜ்ல எலியா சார் புடிக்கச் சொல்லப் போறாங்க?" என்றாள். ஆய்வாளர் ஜீப்பில் ஏறிவிட்டார்.

'மனுதாரருக்குக் குலத்தொழில் தெரியவில்லை. மேல்விசாரணை தேவை' என்று அறிக்கை எழுதினேன். என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று ஆபீசில் பெயர். வெள்ளிக்கிழமை போயிற்று, இடமும் போயிற்று. அவள் நடவு வேலைக்குப் போகிறாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

போன மாதம் பேத்தியின் கல்லூரிச் சேர்க்கைக்குப் பிற்படுத்தப்பட்டோர் சான்று வாங்கினோம். கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பித்ததோடு சரி, வந்துவிட்டது. நாங்கள் காஞ்சிபுரத்தில் தறி நெய்த குடும்பம். அந்தச் சான்றில்தான் நானும் கல்லூரிக்குப் போனேன், வேலைக்கும் வந்தேன். அறுந்த இழையை முடிச்சுப் போடக்கூட எனக்குத் தெரியாது. நினைத்தால் கூசுகிறது, நெய்து காட்டு என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.