மஸ்கட்டிலிருந்து ஒரு "ங்கூ"

மகள் பிறந்தபோது நான் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் வீடியோ காலில்தான். அவள் "ங்கூ" என்பாள். நானும் "ங்கூ" என்பேன். அறை நண்பர்கள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, ஆளுக்கொரு "ங்கூ" போட்டுவிட்டுத்தான் போவார்கள். அங்கே நெட் மகா மந்தம். நான் சொன்னது உறையூர் வீட்டுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகும். அதுவரை வாயைப் பிளந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருப்பாள். பதில் கேட்டதும் காலை உதைத்துச் சிரித்து, என் மூக்கைப் பிடிக்க வருவாள். விரல் எங்காவது பட்டு போன் கட்டாகிவிடும்.

லீவு கிடைத்துத் திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கியபோது சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே ஒரு பயம்தான்: போனில் வரும் ஆள் நான்தான் என்று அவளுக்குத் தெரியுமா?

வாசலில் மனைவி, இடுப்பில் மகள். ஆட்டோவிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்து அவளாகவே "ங்கூ" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வாயை மூடுவதற்குள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி "ங்கூ!" என்று கத்தினேன். அவ்வளவுதான், வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

"ஆளு புதுசுல்ல சார், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார் ஆட்டோக்காரர். யார் புதுசு? எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வாங்கி வந்த பொம்மையைக் காட்டினேன், ஆடிக்கூடக் காட்டினேன். எதற்கும் மசியாமல் மனைவியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெற்ற மகளுக்கே அந்நியனாகிவிட்டேனே!

சாயங்காலம் பாயில் குப்புறக் கிடந்தவள், என்னைப் பார்த்து மறுபடியும் "ங்கூ" என்றாள். பாயப் போன என்னை மனைவி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் பொறுங்க. போன்ல நீங்க உடனேவா பதில் சொல்லுவீங்க? அவளுக்குத் தெரிஞ்ச அப்பா லேட்டாத்தான் பேசுவாரு."

பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். என் வாழ்க்கையில் பேசாமல் இருக்க அவ்வளவு கஷ்டப்பட்டதே இல்லை. மகளும் வாயைப் பிளந்தபடி, போனைப் பார்ப்பது போலவே என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னேன்: "ங்கூ."

இரண்டு கால்களும் பாயை உதைத்தன. அப்படி ஒரு சிரிப்பு! தவழ்ந்து வந்து என் மூக்கைப் பிடித்தாள். நகம் பட்டு நன்றாகவே வலித்தது. போன் கட்டாகவில்லை.