ஜாக்கி மேல் நின்ற வீடு

அம்பத்தூரில் வீடு கட்டிய புதிதில் ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். ரோடு போடுகிறவர்களுக்கு எங்கள் தெரு மேல் அப்படி ஒரு பாசம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டுப் போட்டு, கடைசியில் மூன்று படி இறங்கினால்தான் வீடு என்றாக்கிவிட்டார்கள். மழைத்தண்ணீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலுக்கே வந்து உட்கார்ந்தது.

"ஜாக்கி வெச்சு வீட்டைத் தூக்கிடலாம்" என்றார் என் கணவர்.

"கேஸ் சிலிண்டரையே தூக்க மாட்டீங்க, வீட்டைத் தூக்கப் போறீங்களாக்கும்!"

ஆட்கள் வந்து நான்கு அடி தூக்கினார்கள். ஒரு விரிசல் இல்லை. இவரோ தன் தோளில் சுமந்தது மாதிரி தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வேலை முடிந்து சமைக்கத் தொடங்கிய அன்று, ஜன்னல் வழியாக, "அக்கா, இன்னைக்கு என்ன குழம்பு?" என்றேன். எதிரே பக்கத்து வீட்டு சன்ஷேடும் காக்கா எச்சமும்தான் இருந்தன.

கீழேயிருந்து குரல் மட்டும் வந்தது. "இன்னாம்மா, மேல் லோகத்துலேர்ந்து பேசுறியா?"

பக்கத்து வீட்டு அக்கா இந்த ஊர்க்காரர். எங்கள் தெருவே ஒருகாலத்தில் அவர்கள் வீட்டு வயல். நாங்கள் குடிவந்ததிலிருந்து, நேருக்கு நேராக இருந்த இரண்டு சமையலறை ஜன்னல்களில்தான் எங்கள் பேச்செல்லாம். என் அம்மா போன சேதியை நான் முதலில் சொல்லி அழுததும் அங்கேதான். இப்போது தரையைப் பார்த்துக் கத்த வேண்டியிருந்தது. தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அடுத்த மழையில் தண்ணீர் எங்களை விட்டுவிட்டு அக்கா வீட்டில் மட்டும் புகுந்தது. அவர் மகன், "பிளாட் கட்றவங்கிட்ட இடத்தைக் குடுத்துட்டு என்கூட வந்துடும்மா" என்று ஒற்றைக் காலில் நின்றான். அக்கா போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். கேட்கவும் பயம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

ஒரு காலையில், எங்கள் வீட்டைத் தூக்கிய மேஸ்திரி அக்கா வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகன் உம்மென்று நின்றான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"மூணு அடி போதும்மா, தண்ணி வராது" என்றார் மேஸ்திரி.

அக்கா என் ஜன்னலைக் கை காட்டினார்.

"தண்ணி கெடக்குது வுடு. தோ நிக்கிறா பாரு, அவ மூஞ்சி எனக்கு நேரா தெரியணும். அதுவரைக்கும் தூக்கு."