‘தெரியவில்லை’க்கு உபயதாரர்கள்

எங்கள் தேனிப் பக்கத்துக் கோயில்களில் ட்யூப் லைட்டால் பெரிய வெளிச்சம் ஒன்றும் வந்துவிடாது. ‘உபயம்’ என்று தொடங்கி, கொடுத்தவர், அவருடைய அப்பா, கடை, ஊர் என்று சிவப்பு எழுத்து குழல் முழுவதையும் மறைத்திருக்கும். சாமி இருட்டில் நிற்கும், உபயதாரர் பளிச்சென்று தெரிவார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதே ட்யூப் லைட்டை என் தலைக்கு மேலும் கொண்டுவந்து மாட்டுவார்கள் என்று நினைக்கவில்லை.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லித்தருகிறவன். எங்கள் பள்ளத்தாக்கின் கோயில்கள், நடுகற்கள், புராணக் கதைகள் எல்லாவற்றையும் பற்றி, என் தாத்தா காலத்துக்கும் முந்திய ஒரு புலவர் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. மனிதர் மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் கம்பத்திலிருந்து வருசநாடு வரை அலைந்து பார்த்து எழுதியவர். மறுபடி அச்சேறாமல் கிடந்தது. தொட்டால் உதிரும் ஒரு பிரதி என்னிடம் இருந்தது. அதில் எனக்கு உயிராக இருந்தது ஒரே ஒரு வார்த்தை. ஆதாரம் கிடைக்காத இடத்திலெல்லாம் அவர் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார். எங்கள் ஊரில் பஸ் எப்போது வரும் என்று கேட்டால்கூடத் தெரியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஏதோ ஒரு நேரத்தைச் சொல்லி உட்காரவைத்துவிடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் அச்சிலேயே தெரியவில்லை என்று சொன்னது எனக்குப் பெரிய வீரமாகப் பட்டது. அந்த வார்த்தையைக் காட்டித்தான் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்திவந்தேன்.

அதை மறுபதிப்புச் செய்யலாம் என்று வந்தவர் கல்யாணப் பத்திரிகையும் கும்பாபிஷேக நோட்டீசும் அடிக்கிற அச்சகக்காரர். நான் பதிப்பாசிரியர், அட்டையில் என் பெயர். உச்சி குளிர்ந்துபோய்ச் சம்மதித்தேன். நோட்டீசில் ஒரு பெயர் விட்டுப்போனால் கும்பாபிஷேகமே நின்றுவிடும் என்ற பயத்தில் வளர்ந்த மனிதர் அவர் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

பிழை பார்க்க முதல் மெய்ப்பு வந்தது. ஒரு முனிவர் எங்கள் ஆற்றில் குளித்தார் என்ற கதையைச் சொல்லிவிட்டு, ‘இதற்குச் சான்று இல்லை’ என்று புலவர் முடித்திருந்தார். மெய்ப்பில் முனிவர் குளித்துவிட்டுப் போய்விட்டார், சான்று இல்லை என்பதைக் காணோம்.

“நல்ல காரியம் பண்றோம். அதுல போயி இல்லை, இல்லைன்னு இருந்தா நல்லாவா இருக்கு சார்? கல்யாணப் பத்திரிகையில போடுவமா?” என்றார் அச்சகக்காரர்.

நான் வாதாடி அதைத் திரும்ப வாங்கினேன். அடுத்த மெய்ப்பில் கடமலைக்குண்டுப் பக்கத்து நடுகல் சிக்கியது. அந்த வீரன் யார் என்று தெரியவில்லை என்றிருந்த இடத்தில், ஓர் உரக்கடை முதலாளியின் முன்னோர் என்று இருந்தது.

“இதை யாரு சொன்னா?”

“அவுகளேதான் சொன்னாக.”

“அவருக்கு எப்படித் தெரியும்?”

“அவுக வீட்டு விசயம் அவுகளுக்குத் தெரியாதா சார்?”

கல்லில் வீரன் ஈட்டியை ஓங்கிக்கொண்டு நிற்கிறான். உரக்கடை முதலாளியை நான் பார்த்தபோதெல்லாம் யூரியா மூட்டையில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். விசாரித்தால், அச்சகக்காரர் புத்தகத்தில் உள்ள தெரியவில்லைகளை எல்லாம் முதல் நாளே குறித்து, அத்தனைக்கும் உபயதாரர் பிடித்துவிட்டிருந்தார். கண்மாயை வெட்டியவர் ஒரு கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரரின் கொள்ளுத்தாத்தா ஆகிவிட்டார். மண்டபத்தை ஒரு ஜவுளிக்கடை எடுத்துக்கொண்டது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

“அட்டை அடிச்சாச்சு சார்” என்றார்.

ஆக, என் மாணவர்கள் அதை வாங்கிப் படிப்பார்கள். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள் என்று அவர்களைத் திட்டியவன் பெயர் அட்டையில் இருக்கும். நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. மலையடிவாரக் கோயிலைப் பற்றிய கடைசி அத்தியாயத்தையாவது காப்பாற்றலாம் என்று அச்சகத்துக்கு ஓடினேன். அதைக் கட்டியது யார் என்று தெரியவில்லை என்ற வரிதான் புத்தகத்தின் கடைசி வரி.

அங்கே எனக்கு முன்பே இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் போடி ஏலக்காய் வியாபாரி, இன்னொருவர் தேவதானப்பட்டி மாந்தோப்புக்காரர். கும்பாபிஷேகத்தில் ஒரே கலசத்துக்கு இரண்டு பேரிடம் உபயம் வாங்கிப் பழகிய அச்சகக்காரர், ஒரே கோயிலை இருவருடைய பாட்டனுக்கும் கொடுத்திருந்தார்.

“எங்க பாட்டன்தான் கட்டுனாக. அங்கன தூணுல பாருங்க, எங்க வீட்டுச் சாயல் அப்படியே இருக்கும்” என்றார் ஏலக்காய்க்காரர்.

“தூணுல இருக்குறது யாளிங்க” என்றார் மாந்தோப்புக்காரர்.

“யாளியா இருந்தா என்ன? மீசையப் பாத்தீகளா?”

அச்சகக்காரருக்கு வேர்த்து ஊற்றியது. “ரெண்டு பேரு பாட்டனும் சேந்து கட்டுனாகன்னு போட்டுருவமா?” என்று கெஞ்சினார்.

இருவரும் முதல்முறையாக ஒன்றுபட்டார்கள். “இவுக கூடச் சேந்தா? அதுக்கு யாரு கட்டுனான்னே தெரியலைன்னு போட்டுட்டுப் போ” என்று மாந்தோப்புக்காரர் கத்தினார். “அதான் சரி” என்றார் ஏலக்காய்க்காரர்.

அந்த நிமிடமே அங்கிருந்த கம்ப்யூட்டரில் பழைய வரியைப் போடவைத்து, அச்சுக்குப் போகும் வரை நகராமல் உட்கார்ந்திருந்தேன்.

வெளியீட்டு விழா நடந்தது. முதல் பிரதியின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தார் அச்சகக்காரர். பொன்னாடைகள் பறந்தன. புத்தகத்தை யாரும் திறக்கவில்லை, நான் மட்டும் கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இருந்தது. விழா முடிந்து வடை சாப்பிடும்போது, புலவருடைய நேர்மையான தெரியவில்லைகளில் ஒன்றாவது தப்பித்தது என்று அச்சகக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அவர் வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டே, “புலவரு மட்டும் எதுக்கு அப்படி எழுதியிருப்பாகங்கிறீக? அப்பவும் இதே மாதிரி ரெண்டு பேரு மல்லுக்கு நின்னுருப்பாக சார்” என்றார்.

அப்படி இருக்கவே முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். என்னிடம் சான்று எதுவும் இல்லை.

“இல்லைங்கிறீகளா?” என்று கேட்டார்.

“தெரியலை” என்றேன். வகுப்பு வகுப்பாக நான் வீரம் என்று சொல்லிக்கொடுத்த வார்த்தை, என் வாயிலிருந்து வரும்போது அப்படிக் கசந்தது.