பாதியில் போனவர்களையும் அளந்தவர்

வண்ணார்பேட்டை ரவுண்டானாவைத் தாண்டும்போது அண்ணாச்சி அழைத்தார். அண்ணாச்சி என்றால் எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தின் முதலாளி. “கணபதி, வண்டிய ஓரமா நிப்பாட்டு லே,” என்றார். நிறுத்தினேன். “ஜெசிந்தா போயிட்டா. காலைலதான், மதுரை ஆஸ்பத்திரில வச்சு.” சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அலுவலகத்தில் ஜெசிந்தாவோடு அதிகம் சண்டை போட்டவர் அவர்தான்.

ஜெசிந்தாவுக்கு நோய் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. எதிர்பார்த்திருக்க வேண்டிய செய்திதான். ஆனாலும் சிகிச்சை முடிந்து வந்துவிடுவார் என்று அவருடைய மேசையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தோம்.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய குரலை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. உவரிப் பக்கம் கடற்கரையில் பிறந்தவர். அலைச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கோபமும் அதே அளவுதான். மதியம் அவர் கருவாட்டு டப்பாவைத் திறந்தால், சைவ வீட்டுக்காரனான நான் எழுந்துபோய் ஜன்னலைத் திறப்பேன். “ஒங்க பருப்புக் கொழம்ப நான் என்னிக்காவது குத்தம் சொல்லிருக்கேனா?” என்பார். ஏழெட்டு வருடம் அடுத்தடுத்த மேசைகளில் இப்படித்தான் சாப்பிட்டோம்.

எங்கள் நிறுவனம் ஆஸ்பத்திரிகளுக்காக ஓர் இணையச் சேவை நடத்துகிறது. இன்ன வகை ரத்தம் வேண்டும் என்று செவிலியர் கேட்டால், அருகிலுள்ள கொடையாளர்களின் பெயர்கள் திரையில் வரும். அவர்களுக்குக் குறுஞ்செய்தியும் போகும். வருகிற ஒவ்வொரு கேள்வியையும் சர்வரில் ஒரு நிரல் வாங்கிப் பதில் சொல்லும். அதை ஹேண்ட்லர் என்போம். ஒருசமயம் மேலப்பாளையத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து புகார் மேல் புகார் வந்தது. திரை சுற்றிக்கொண்டே இருக்கிறது, பதில் வருவதில்லை என்றார்கள். பெரிய சர்வராக வாங்கிப் போடலாம் என்றார் அண்ணாச்சி. “எது இழுக்குன்னு தெரியாம எதுக்கு வாங்கணும்? மொதல்ல அளப்போம்,” என்றார் ஜெசிந்தா.

ஒவ்வொரு ஹேண்ட்லரும் தொடங்கும்போதும் பதிலை அனுப்பி முடிக்கும்போதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி செய்தோம். சில நாள் அளந்ததில் எல்லாமே கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்திருந்தன. வரைபடத்தில் கோடு தரையோடு படுத்துக் கிடந்தது. “அவங்க ஊர்ல நெட்டு சரியில்ல,” என்று அண்ணாச்சி தீர்ப்பும் சொல்லிவிட்டார். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது.

ஜெசிந்தாவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. மறுநாள் பஸ் ஏறி அந்த ஆஸ்பத்திரிக்கே போய், செவிலியரின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, எளிதில் கிடைக்காத வகை ரத்தம் தேவைப்பட்டது. செவிலியர் பொத்தானை அழுத்தினார். திரை சுற்றியது. அந்தப் பெண்ணின் கணவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் எதிரே நின்று, செவிலியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். “நெட்டுல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. இது மட்டுந்தான் நிக்கி,” என்று சொன்ன செவிலியர், பொறுத்துப் பார்த்துப் பக்கத்தை மூடிவிட்டு, தெரிந்தவர்களுக்குப் போன் போட ஆரம்பித்தார். ரத்தம் கிடைத்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் எங்கள் சேவையால் அல்ல.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா பையைக்கூட இறக்கி வைக்காமல் என் மேசைக்கு வந்தார். “கணபதி, நாம முடிஞ்சத மட்டுந்தான் அளந்திருக்கோம். பாதியில அத்துப்போனது நேரத்தக் குறிக்கிற கடைசி வரிக்கு வரவே வராதுல்லா? பொறுக்கமுடியாம மூடிட்டுப் போனவங்க நம்ம கணக்குலயே இல்ல.”

அப்படித்தான் இருந்தது. பதில் போனாலும், பிழையில் நின்றாலும், கேட்டவரே விட்டுப் போனாலும், எப்படி முடிந்தாலும் நேரம் பதிவாகும்படி மாற்றினோம். அடுத்த நாளே படுத்துக் கிடந்த கோட்டில் பனைமரங்களாகச் சில எழுந்து நின்றன. எல்லாம் அரிய ரத்த வகைக்கான கேள்விகள். அவற்றுக்குப் பல ஊர்களில் தேட வேண்டியிருந்ததால் அழைக்க வேண்டியவர்களும் அதிகம். ஒவ்வொருவருக்கும் குறுஞ்செய்தி போய்ச் சேரும்வரை எங்கள் ஹேண்ட்லர் காத்து நின்று, அதன் பிறகே செவிலியருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, சேவையில் புதிதாகச் சேர நினைத்த ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அந்தப் பனைமரங்களை அன்றைக்கு மட்டும் எடுத்துவிடச் சொன்னார் அண்ணாச்சி. ஜெசிந்தா குரலை உயர்த்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. “எடுத்துருவேன் அண்ணாச்சி. ஹெல்மெட்டோட அந்த மனுசன் நின்ன நிலைய எங்கன கொண்டு போய் எடுக்க? நான் பாத்துட்டு வந்துட்டேனே. எடுக்கணும்னா வேற ஆளப் பாத்துக்கிடுங்க.” அண்ணாச்சி எழுந்து வெளியே போய்விட்டார்.

வந்தவர்கள் முன்னால் அந்த வரைபடத்தை அப்படியே காட்டினார் ஜெசிந்தா. இது எங்கள் தவறு, இதனால் இப்படி ஆகிறது, இப்படிச் சரிசெய்யப் போகிறோம் என்றார். ஒருவர் எழுந்து போனார், பிறகு வரவே இல்லை. மற்றவர்கள் இருந்தார்கள். பெயர்களை உடனே திரைக்கு அனுப்பிவிட்டு, குறுஞ்செய்திகளைத் தனியே போகவிடும்படி ஹேண்ட்லரை மாற்றினோம். சரியானதும் ஜெசிந்தா தானே போன் செய்து அந்த மேலப்பாளையத்துச் செவிலியரிடம் சொன்னார். “இனிம சட்டுனு வரும்மா. வரலன்னா என்னையக் கூப்பிட்டு ஏசு.”

நேற்று உவரிப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்துவிட்டு, தச்சநல்லூரில் என் வீட்டுக்குத் திரும்பினேன். அப்பா வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு ஒவ்வொரு சொல்லும் மெதுவாகத்தான் வரும். வீட்டில் யாராவது ஒருவர் அவருடைய வாக்கியத்தை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அன்பினால் செய்வதுதான். ஜெசிந்தா தன் கணவர் சேவியரோடு வரும்போதெல்லாம் அப்பாவின் எதிரே உட்காருவார். அப்பா ஒரு சொல்லுக்காகத் திணறும்போது வாயைத் திறக்காமல், கடிகாரத்தையும் பாராமல், அது வரும்வரை காத்திருப்பார். நான் ஒருமுறை குறுக்கே புகுந்தபோது, “நீங்க சும்மா இரிங்க, மாமா சொல்லுதாங்கல்லா,” என்று அதட்டினார்.

நேற்று அப்பா, “அந்தப் பிள்ள...” என்று ஆரம்பித்தார். என்ன சொல்ல வருகிறார் என்று எனக்குத் தெரியும் போலிருந்தது. பேசாமல் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து வந்த என் மனைவியையும் கையசைத்து நிறுத்தினேன். அப்பாவின் உதடு பலமுறை அசைந்து நின்றது.

“அந்தப் பிள்ள... வந்தா... நான் நல்லாப் பேசுவேன் லே.”

நான் நினைத்திருந்த வாக்கியம் அது இல்லை. ஜெசிந்தாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்தக் காத்திருப்பைத்தான்.